கடுங்குளிரில் உடம்பு சொல்வதை நம்பலாமா?

கேள்வி இது: "பனி கொட்டும் ஓர் இடத்துக்கு முதல்முறையாகக் குடும்பத்தோடு குடிபோகிறோம். சர்க்கரை நோய் உள்ள அம்மாவும் கைக்குழந்தையும் கூட வருகிறார்கள். வீட்டுக்குள்ளும் வெளியிலும் எதற்கெல்லாம் பயப்பட வேண்டும்? நல்ல கோட்டும் பூட்ஸும் வாங்கினால் போதாதா?"

கோட்டும் பூட்ஸும் வேண்டும்தான். ஆனால் குளிர்ப்பிரதேசத்தில் முதலுதவி வகுப்பு எடுத்து வருகிறவன் என்ற முறையில் சொல்கிறேன், புதிதாக வருகிறவர்கள் கோட்டைச் சரியாகத்தான் வாங்குகிறார்கள். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. கொளுத்தும் வெயிலில் உடம்பு விடாமல் முறையிடும். வியர்க்கும், தாகமெடுக்கும், தலை கிறுகிறுக்கும். குளிரில் நிலைமை மோசமாக மோசமாக அந்த முறையீடு குறைந்துகொண்டே போகும். விரல் உறையத் தொடங்கும்போது வலி நின்றுவிடுகிறது. உடல் வெப்பம் ஆபத்தான அளவுக்கு இறங்கும்போது நடுக்கம் நின்றுவிடுகிறது. கதவு சாத்திய அறையில் நச்சுவாயு ஏறும்போது தூக்கம்தான் வருகிறது. ஆகவே 'தாங்க முடியாமல் போனால் பார்த்துக்கொள்ளலாம்' என்ற நினைப்பு இங்கே உதவாது. தெர்மாமீட்டரையும் கடிகாரத்தையும் பக்கத்தில் இருப்பவரின் கண்ணையும்தான் நம்ப வேண்டும்.

வீட்டிலிருந்தே ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் எனக்கு அதிகப் பயம் அங்கேதான். எரிவாயு, விறகு, கரி, மண்ணெண்ணெய், பெட்ரோல் என்று எது எரிந்தாலும், காற்று போதாமல் எரிந்தால் கார்பன் மோனாக்சைடு உண்டாகும். அதற்கு நிறம் இல்லை, வாசனை இல்லை, கண் எரிச்சலும் இல்லை. ரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். காற்றில் கொஞ்சம் கலந்திருந்தாலே சில மணி நேரத்தில் ரத்தத்தில் ஆக்சிஜனுக்கு இடம் இல்லாமல் செய்துவிடும். முதலில் தலைவலி, அசதி, குமட்டல். பெரும்பாலானவர்கள் ஏதோ காய்ச்சல் வருகிறது என்று நினைத்துப் போர்த்திக்கொண்டு படுத்துவிடுகிறார்கள். அந்தத் தூக்கத்திலிருந்து எழுந்திருக்காமல் போனவர்கள் உண்டு.

காய்ச்சலா வாயுவா என்று பிரித்துப் பார்க்க சில அடையாளங்கள் இருக்கின்றன. வீட்டில் உள்ள எல்லோருக்கும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் தலைவலி வருவது, வெளியே போனால் தெளிவதும் உள்ளே வந்தால் திரும்ப வலிப்பதும், உடல் சூடு இல்லாமல் இருப்பது, வளர்ப்பு நாயோ பூனையோ சோர்ந்து கிடப்பது. இப்படி இருந்தால் காரணம் தேடிக்கொண்டு நிற்காதீர்கள். எல்லோரும் உடனே வெளியே வந்துவிட்டு, அங்கிருந்து அவசர உதவியை அழையுங்கள்.

இன்னொன்றும் முக்கியம். கொரோனா காலத்தில் பலர் விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் வாங்கி வைத்தார்கள். இந்த நச்சு ஏறியவருக்கு அதை மாட்டிப் பார்த்தால் 98, 99 என்று அழகாகக் காட்டும். கார்பன் மோனாக்சைடு ஒட்டிய ரத்தத்துக்கும் ஆக்சிஜன் ஒட்டிய ரத்தத்துக்கும் அந்தக் கருவியால் வித்தியாசம் காண முடியாது. அதைப் பார்த்துவிட்டு 'ஒன்றுமில்லை' என்று திரும்பப் படுத்துவிடக் கூடாது.

இந்த வாயுவைக் காட்டிக்கொடுக்க அலாரம் ஒன்றுதான் வழி. புகை அலாரம் வேறு, கார்பன் மோனாக்சைடு அலாரம் வேறு. இரண்டும் சேர்ந்த கருவிகளும் கிடைக்கின்றன. ஒவ்வொரு தளத்திலும் ஒன்று, படுக்கையறைகளுக்குப் பக்கத்தில் கட்டாயம் ஒன்று. வாடகை வீடானால் ஏற்கெனவே மாட்டியிருக்கலாம். அதைக் கழற்றிப் பின்பக்கம் பாருங்கள், எந்த ஆண்டுக்குள் மாற்ற வேண்டும் என்று அச்சிட்டிருக்கும். உள்ளே இருக்கும் உணர்கருவிக்கு ஆயுள் உண்டு. பட்டனை அமுக்கினால் சத்தம் வருகிறது என்பது மணி வேலை செய்கிறது என்பதற்கு மட்டுமே சாட்சி.

கரி அடுப்பை வீட்டுக்குள் மூட்டவே கூடாது, ஜன்னலைத் திறந்து வைத்தாலும் கூடாது. அறையைச் சூடாக்குவதற்காகச் சமையல் அடுப்பையோ ஓவனையோ எரிய விடக் கூடாது. மின்வெட்டுக்காக ஜெனரேட்டர் வைத்திருந்தால், அது வீட்டிலிருந்து குறைந்தது 6 மீட்டர் தள்ளி, புகை ஜன்னல் பக்கம் வராதபடி நிற்க வேண்டும். காரேஜுக்குள் காரை ஸ்டார்ட் செய்து 'கொஞ்சம் சூடாகட்டும்' என்று விடுவதும் இதே ரகம்தான், காரேஜின் கதவு திறந்திருந்தாலும் வாயு வீட்டுக்குள் நுழையும். பெரிய பனிப்பொழிவுக்குப் பிறகு வெளிச்சுவரில் உள்ள ஹீட்டர் புகைக்குழாயைப் போய்ப் பாருங்கள். பனி மூடி அடைத்திருந்தால் புகை வெளியேற வழியில்லாமல் உள்ளே திரும்பும். இதைப் பனியோடு பல வருடம் வாழ்ந்தவர்களே மறந்துவிடுகிறார்கள்.

அடுத்தது தீ. தனி அறைக்கு வாங்கும் மின்சார ஹீட்டரைச் சுற்றி ஒரு மீட்டருக்குத் திரைச்சீலை, போர்வை, காயப்போட்ட துணி எதுவும் இருக்கக் கூடாது. நேரடியாகச் சுவர்ப் பிளக்கில்தான் செருக வேண்டும். எக்ஸ்டென்ஷன் ஒயர் அவ்வளவு மின்சாரத்தைத் தாங்காமல் உள்ளுக்குள்ளேயே சூடேறி உருகும். தூங்கும்போது அணைத்துவிடுங்கள். சாய்ந்தால் தானே அணையும் வசதி இல்லாத பழைய ஹீட்டரை யாராவது சும்மா கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

இனி அம்மா. வயதாக ஆக, குளிர்கிறது என்ற உணர்வே மந்தமாகிவிடும். தோலின் ரத்தக்குழாய்கள் சுருங்கி வெப்பத்தைத் தக்கவைக்கும் திறனும் குறையும், நடுங்கிச் சூடு உண்டாக்கும் தசையும் குறைவு. தூக்க மாத்திரை போன்ற சில மருந்துகள் இதை இன்னும் மோசமாக்கும். 'எனக்கு ஒன்றும் குளிரவில்லை, எதற்குக் கரண்டு செலவு' என்று சொல்கிறவரின் அறையில் தெர்மாமீட்டர் 15 காட்டிக்கொண்டிருக்கும். ஒருநாள் இரண்டுநாள் இப்படி உட்கார்ந்திருந்தாலே வீட்டுக்குள்ளேயே உடல் வெப்பம் ஆபத்தாக இறங்கலாம். உலக சுகாதார நிறுவனம் 2018இல் வெளியிட்ட வீட்டுவசதி வழிகாட்டி, குளிர்காலத்தில் வீட்டுக்குள் குறைந்தது 18 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும் என்கிறது. முதியவர்களும் சிறு குழந்தைகளும் இருக்கும் வீட்டில் அதைவிடச் சற்றுக் கூடுதலாகவே வைக்கச் சொல்கிறது. அம்மாவின் அறையில் எண் பெரிதாகத் தெரியும் ஒரு தெர்மாமீட்டரை மாட்டுங்கள். அவரிடம் 'குளிர்கிறதா' என்று கேட்பதைவிட அதைப் பார்ப்பது நல்லது.

சர்க்கரை நோயில் பாதத்தின் உணர்ச்சி குறைந்திருக்கலாம், அதனால் எதிர்த்திசையிலும் ஆபத்து உண்டு. வெந்நீர்ப் பை, மின்போர்வை, ஹீட்டருக்கு முன் காலை நீட்டுவது, மூன்றுமே அவருக்குத் தெரியாமல் தோலைச் சுட்டுவிடும். படுக்கையைப் படுப்பதற்கு முன் சூடாக்கிவிட்டு, பையை வெளியே எடுத்துவிடுங்கள். காலுக்கு உல்லன் காலுறையே போதும். இரவில் தினமும் பாதத்தைப் பார்ப்பது எப்படியும் நல்ல பழக்கம், குளிர்காலத்தில் கட்டாயம். இன்சுலினையும் கவனியுங்கள். ஒருமுறை உறைந்த இன்சுலின், உருகிய பிறகு பார்ப்பதற்குச் சாதாரணமாக இருந்தாலும் பயன்படாது. காரில் விட்டுவிட்டு வராதீர்கள், வெளியே போகும்போது கோட்டுக்கு உள்ளே வைத்துக்கொள்ளுங்கள்.

குழந்தை விஷயத்தில் தாய்மார்கள் பொதுவாக எதிர்ப்பக்கம் தவறுவார்கள், அளவுக்கு மீறிப் போர்த்துவார்கள். ஒரு வயதுக்குள் உள்ள குழந்தையின் தொட்டிலில் தளர்வான போர்வை, தலையணை எதுவும் வேண்டாம். முகத்தை மூடி மூச்சை அடைக்கும். கால் உள்ளே போகும்படி தைத்த தூக்கப்பை போதும், மல்லாக்கப் படுக்க வையுங்கள், வீட்டுக்குள் தூங்கும்போது தொப்பி வேண்டாம். கையும் காலும் சில்லென்று இருப்பது குழந்தைகளுக்கு இயல்பு. நெஞ்சிலோ பிடரியிலோ தொட்டுப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். அங்கே வியர்த்திருந்தால் ஓர் அடுக்கைக் குறையுங்கள். அங்கே குளிர்ந்திருந்து, குழந்தை வழக்கத்துக்கு மாறாக அமைதியாக, பால் குடிக்காமல் துவண்டு கிடந்தால் அது அவசர நிலை. கைக்குழந்தைகள் பெரியவர்களைப் போல நடுங்க மாட்டார்கள், கன்னம் சிவந்து பார்ப்பதற்கு ஆரோக்கியமாகக்கூடத் தெரியும்.

காரில் குழந்தை இருக்கையில் உட்கார வைக்கும்போது தடித்த கோட்டைக் கழற்றிவிடுங்கள். மோதலின்போது கோட்டின் பஞ்சு நசுங்கி, இறுக்கமாகத் தெரிந்த வார் தளர்ந்துபோகும், குழந்தை நழுவி வெளியே வந்துவிடலாம். வாரை நேரடியாக மெல்லிய உடையின் மேல் இறுக்கி, அதற்கு மேலே கோட்டைப் போர்த்தினால் சரி.

உடல் வெப்பம் இறங்குவதைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். உடலின் உள்வெப்பம் 37 டிகிரியை ஒட்டி இருக்கும். 35க்குக் கீழே போனால் ஹைப்போதெர்மியா என்று பெயர். இதற்குக் கொடும் பனி தேவையில்லை. 5 டிகிரியில், மழையில் நனைந்து, காற்றில் நின்றாலே போதும். 35க்கும் 32க்கும் நடுவில் நடுக்கம் பலமாக இருக்கும், கை விரல்கள் சொன்னபடி கேட்காது, பேச்சு குழறும், கால் தடுமாறும், எரிச்சல் வரும். 32க்குக் கீழே நடுக்கம் மெல்ல நிற்கும், குழப்பம் கூடும். 28க்குக் கீழே இதயத்துடிப்பே தாறுமாறாகும். கடைசிக் கட்டத்தில் சிலர் 'வேகுது' என்று உடையைக் கழற்றி எறிவதும் உண்டு. அதுவரை சுருங்கியிருந்த தோலின் ரத்தக்குழாய்கள் தளர்ந்து, சூடான ரத்தம் திடீரென்று தோலுக்கு வருவதே காரணம் என்று கருதப்படுகிறது. நடுக்கம் நின்றதும் 'தேறிவிட்டார்' என்று நினைப்பதுதான் எல்லாவற்றிலும் ஆபத்தானது. கூட வந்தவர் சட்டையின் ஜிப்பைப் போட முடியாமல் தடவிக்கொண்டு, கேட்டால் 'நல்லாத்தான் இருக்கேன்' என்று குழறினால், அவர் சொல்வதை விட்டுவிட்டு அந்த ஜிப்பை நம்புங்கள்.

செய்ய வேண்டியது சிக்கலானதல்ல. காற்றிலிருந்து ஒதுக்குங்கள், ஈர உடையைக் களையுங்கள், உலர்ந்த போர்வையால் தலை முதல் சுற்றுங்கள், அவருக்கும் தரைக்கும் நடுவில் எதையாவது விரியுங்கள். துணியில் சுற்றிய வெந்நீர்ப் பையை நெஞ்சிலும் அக்குளிலும் வையுங்கள். கையையும் காலையும் முதலில் சூடாக்கவோ தேய்க்கவோ வேண்டாம், அங்கே தேங்கிய குளிர்ந்த ரத்தம் இதயத்துக்குத் திரும்பும். முழு நினைவோடு, தானே விழுங்க முடிகிறவருக்குச் சூடான இனிப்புப் பானம் கொடுக்கலாம். நடுக்கத்துக்கு எரிபொருள் சர்க்கரைதான். சூடான நீர்த்தொட்டியில் இறக்குவது கூடாது. நினைவு மங்கியவரை முட்டையைப் போலக் கையாள வேண்டும், உலுக்கித் தூக்கினாலே இதயம் நின்றுவிடக் கூடும். குளிரிலிருந்து உள்ளே கொண்டுவந்த பிறகும் சிறிது நேரம் உள்வெப்பம் இறங்கிக்கொண்டே இருக்கும் என்பதால் தனியே விட்டுவிட்டுப் போகக் கூடாது.

மது வேண்டவே வேண்டாம். குடித்தால் கதகதப்பாக இருக்கும் என்பது உண்மைதான், ஆனால் அந்தக் கதகதப்பு உள்ளே இருந்த வெப்பம் தோல் வழியாக வெளியேறுவதன் அறிகுறி. நடுக்கத்தையும் அது அடக்கிவிடும், நிதானத்தையும் கெடுக்கும்.

உயிர் போனதுபோலத் தெரிந்தாலும் கைவிடாதீர்கள். 1999 மே மாதம் நார்வேயில் நார்விக் அருகே பனிச்சறுக்கு விளையாடிய ஆன்னா போகன்ஹோம் என்ற ஸ்வீடன் நாட்டு மருத்துவர், உறைந்த ஓடையில் தலைகுப்புற விழுந்து ஐஸுக்கு அடியில் 80 நிமிடம் சிக்கிக்கொண்டார். மீட்டபோது இதயம் நின்றிருந்தது, உடல் வெப்பம் 13.7 டிகிரி. ட்ராம்ஸோ மருத்துவமனையில் ரத்தத்தை வெளியே எடுத்துச் சூடேற்றித் திரும்பச் செலுத்தினார்கள். பிழைத்தார், பிறகு மருத்துவராகவே வேலைக்கும் திரும்பினார். மூளை குளிர்ந்திருக்கும்போது அதற்கு மிகக் குறைந்த ஆக்சிஜன் போதும். குளிர்ந்தவரைச் சூடேற்றிப் பார்க்காமல் இறந்தவராக அறிவிக்கக் கூடாது என்று அவசர சிகிச்சை மருத்துவர்கள் சொல்வது இதனால்தான். சாதாரண ஆள் செய்ய வேண்டியது, மூச்சையும் நாடியையும் ஒரு முழு நிமிடம் நிதானமாகப் பார்ப்பது, இல்லையென்றால் நெஞ்சை அழுத்தத் தொடங்கி உதவி வரும்வரை விடாமல் செய்வது.

சரி, இப்போது நீங்கள் கேட்ட கோட்டு. ஒரே ஒரு தடித்த கோட்டைவிட மூன்று அடுக்கு மேல். தோலை ஒட்டி மெல்லிய கம்பளியோ பாலியெஸ்டரோ, அதற்கு மேல் ஃப்ளீஸ் அல்லது ஸ்வெட்டர், வெளியே காற்றும் நீரும் புகாத மேலங்கி. உள்ளே பருத்திப் பனியன் வேண்டாம் என்றால் நம்மவர்களுக்கு நம்பக் கஷ்டமாக இருக்கிறது, வெயிலுக்கு அது எவ்வளவு நல்லதோ குளிருக்கு அவ்வளவு கெடுதல். வியர்வையை உறிஞ்சி வைத்துக்கொண்டு காயவே காயாது. நீர், காற்றைவிடச் சுமார் 25 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும். அதனால் வெளியே வேலை செய்யும்போது வியர்க்கத் தொடங்கும் முன்பே ஓர் அடுக்கைக் கழற்றுங்கள். கிளம்பும்போது லேசாகக் குளிர்ந்தால் உடை அளவாக இருக்கிறது என்று பொருள், நடக்க ஆரம்பித்ததும் சரியாகிவிடும்.

விரல்களுக்குத் தனித்தனி இடம் உள்ள கையுறையைவிட, நான்கு விரலும் ஒரே பையில் போகும் மிட்டன் கூடுதல் சூடு தரும். பூட்ஸ் அரை அளவு பெரிதாக இருக்கட்டும். இரண்டு மூன்று காலுறையைத் திணித்து இறுக்கினால் ரத்த ஓட்டம் குறைந்து பாதம் இன்னும் சீக்கிரம் உறையும். உடல் வெப்பத்தில் பாதி தலை வழியாகத்தான் போகிறது என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். தலை உடல் பரப்பில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு, வெப்பமும் கிட்டத்தட்ட அதே அளவில்தான் போகும். தொப்பி போட வேண்டியது காதுக்காக.

காதும் மூக்கு நுனியும் கன்னமும் விரல்களும்தான் முதலில் உறையும் இடங்கள். முதலில் ஊசி குத்துவதுபோல் வலிக்கும், பிறகு மரத்துப்போகும், 'பரவாயில்லை, வலி போய்விட்டது' என்று தோன்றும். அந்த இடத்தில்தான் பனிக்கடி தொடங்குகிறது. புத்தகங்கள் 'தோல் வெளுக்கும்' என்று எழுதியிருக்கும், அது வெள்ளைத் தோலைப் பார்த்து எழுதியது. நம் தோலில் அந்த நிறமாற்றம் பளிச்சென்று தெரியாது. சாம்பல் பூத்ததுபோலவோ மெழுகு தடவியதுபோலவோ தெரிகிறதா, தொட்டால் கெட்டியாக இருக்கிறதா, தொடுவது அவருக்குத் தெரிகிறதா என்று பாருங்கள். நம் மூக்கு நமக்குத் தெரியாது, அதனால் குளிரில் நிற்கும்போது ஒருவர் முகத்தை ஒருவர் அவ்வப்போது பார்த்துக்கொள்வது பழகிக்கொள்ள வேண்டிய விஷயம்.

உறைந்த இடத்தில் பனியைத் தேய்க்க வேண்டும் என்று யாராவது பெரியவர் சொல்வார். அதற்கு வரலாறு உண்டு. 1812இல் நெப்போலியனின் படை ரஷ்யாவிலிருந்து பின்வாங்கியபோது, அதன் தலைமை அறுவை மருத்துவர் லாரே, உறைந்த கால்களை நெருப்பருகில் நீட்டிய வீரர்களுக்குச் சதை அழுகுவதைப் பார்த்தார். மரத்துப்போன காலுக்குச் சுடுவது தெரியவில்லை, மறுநாள் நடையில் அதே கால் திரும்பவும் உறைந்தது. நெருப்பைத் தவிர்க்கச் சொன்ன அவர், பனியால் தேய்க்கவும் சொன்னார். முன்னது சரி, பின்னது தவறு. ஆனால் நூறு ஆண்டுக்கு மேலாகத் தவறான பாதிதான் பரவிக் கிடந்தது. இன்றைய முறை, 37 முதல் 39 டிகிரி வரையுள்ள வெதுவெதுப்பான நீரில், தோல் மென்மையாகிச் சிவக்கும்வரை, சுமார் அரை மணி நேரம் அமிழ்த்தி வைப்பது. நீரின் சூட்டை மரத்துப்போனவரே பார்க்கக் கூடாது, வேறொருவர் முழங்கையை விட்டுப் பார்க்க வேண்டும். வலி கடுமையாக இருக்கும், அது உயிர் திரும்புகிற வலி. கொப்புளத்தை உடைக்காதீர்கள். திரும்ப உறைய வாய்ப்பிருந்தால் உருக்கவே வேண்டாம், மருத்துவமனை போகும்வரை அப்படியே இருக்கட்டும். உருகி மறுபடி உறைந்தால் சேதம் பல மடங்கு.

வெளியே கிளம்பும் முன் வெப்பநிலையோடு காற்றையும் சேர்த்துப் பாருங்கள். வானிலை அறிக்கையில் 'விண்ட் சில்' என்று இன்னொரு எண் கொடுப்பார்கள். மைனஸ் 10 டிகிரியில் மணிக்கு 30 கிலோமீட்டர் காற்று வீசினால் மூடாத தோலுக்கு அது மைனஸ் 20 போல. அந்த எண் மைனஸ் 28ஐத் தாண்டினால் பத்து முதல் முப்பது நிமிடத்தில் பனிக்கடி வரலாம். பஸ் வரவில்லை என்று நிற்கிற நேரம்தான் அது. வேறு ஒன்றும் தெரியாவிட்டாலும் இந்த எண்ணை மட்டும் தினமும் பாருங்கள் என்று வகுப்பில் சொல்வேன்.

ஆனால் வெளியே அதிகம் பேரை மருத்துவமனைக்கு அனுப்புவது வழுக்கல்தான். பகலில் உருகி இரவில் உறைந்த நீர், தார்ச்சாலையின் மேல் கண்ணாடிபோல் படிந்திருக்கும்; ஈரம் என்றுதான் தோன்றும். குறுகிய அடி எடுத்து, பாதம் முழுவதும் பதிய, உடலைச் சற்று முன்னே சாய்த்து நடக்க வேண்டும். கையைக் கோட்டுப் பையில் விட்டுக்கொண்டு நடக்காதீர்கள். வாசலில் உப்புத் தூவலாம், ஆனால் மைனஸ் 9 டிகிரிக்குக் கீழே சாதாரண உப்பு அவ்வளவாக உருக்காது. அப்போது மணல் போட்டால் பிடிமானமாவது கிடைக்கும்.

பனி அள்ளுவதை யாரும் உடற்பயிற்சியாக நினைப்பதில்லை. குளிரில் ரத்தக்குழாய்கள் சுருங்கி ரத்த அழுத்தம் ஏறியிருக்கும், அதோடு கனமான ஈரப்பனியை மூச்சைப் பிடித்துக்கொண்டு தூக்கி எறிந்தால் இதயத்துக்கு இரட்டைச் சுமை. ஒவ்வொரு பெரும் பனிப்பொழிவுக்குப் பிறகும் மாரடைப்புகள் வருவது மருத்துவர்களுக்குத் தெரிந்த விஷயம். இதய நோய், ரத்த அழுத்தம் உள்ளவர்கள் இந்த வேலையைச் செய்யாமல் இருப்பதே நல்லது. மற்றவர்கள் தூக்காமல் தள்ளுங்கள், சின்ன அளவாக எடுங்கள், பனி விழ விழ இடையிடையே தள்ளினால் மொத்தமாக அள்ள வேண்டியிருக்காது.

உறைந்த ஏரி பற்றி ஒரே வரியில் சொல்வதானால், முதல் ஆண்டு போக வேண்டாம். தெளிவான ஐஸ் 10 சென்டிமீட்டராவது இருந்தால்தான் ஆள் நடக்கலாம், வெண்மையாகத் தெரியும் ஐஸ் அதில் பாதி வலுவுதான். தப்பித் தவறி விழுந்துவிட்டால் முதல் ஒரு நிமிடம் மூச்சுத் திணறலை அடக்குவதிலேயே போகும். அதற்குப் பின் கைகால் வேலை செய்ய ஏறக்குறைய பத்து நிமிடம் இருக்கிறது. வந்த பக்கமே திரும்பி, காலை உதைத்து, வயிற்றால் ஐஸின் மேல் ஏறி, எழுந்து நிற்காமல் உருண்டு விலக வேண்டும். பதறாதவருக்கு அந்தப் பத்து நிமிடம் பெரிய அவகாசம்.

நெடுந்தூரம் காரில் போனால் டாங்க் பாதிக்குக் குறையாமல் இருக்கட்டும். போர்வை, மண்வெட்டி, டார்ச், தண்ணீர், பசிக்கு ஏதாவது, செல்போன் சார்ஜர் பின்னால் இருக்கட்டும். செல்போனைக் கோட்டின் உள்பையில் வைத்துக்கொள்ளுங்கள், குளிரில் பேட்டரி 40 சதவீதம் காட்டிக்கொண்டே திடீரென்று அணைந்துவிடும். பனியில் வண்டி சிக்கிக்கொண்டால், கண்ணுக்கெதிரே கட்டடம் தெரிந்தாலொழிய, இறங்கி நடக்காதீர்கள். பனிப்புயலில் நூறு அடி தாண்டினால் திசை தெரியாது, தேடி வருகிறவர்களுக்கும் ஆளைவிட வண்டிதான் கண்ணில் படும். ஒரு மணி நேரத்துக்குப் பத்து நிமிடம் மட்டும் எஞ்சினை ஓட்டிச் சூடேற்றுங்கள். ஒவ்வொரு முறையும் அதற்கு முன் இறங்கிப் புகைக்குழாயைச் சுற்றிய பனியை அகற்றி, காற்றடிக்காத பக்கத்து ஜன்னலைச் சற்றே இறக்கிவிடுங்கள். முன்னே சொன்ன அதே வாயு காருக்குள்ளும் வரும்.

மின்சாரம் போனால் என்ன என்பதையும் போனபிறகு யோசிக்க முடியாது. 2021 பிப்ரவரியில் அமெரிக்காவின் டெக்சாஸில் கடுங்குளிரோடு மின்சாரமும் நாட்கணக்கில் போனது. மாநில அரசின் கணக்குப்படி 246 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் குளிரால், வீட்டுக்குள்ளேயே இறந்தவர்களும் உண்டு. சூடு தேடிக் காரையும் கரியடுப்பையும் ஜெனரேட்டரையும் நாடி நச்சுவாயுவில் மாண்டவர்களும் அந்தக் கணக்கில் இருக்கிறார்கள். அப்படி ஆனால் வீடு முழுவதையும் காப்பாற்ற முயலாமல், ஜன்னல் குறைவான ஒரே அறையில் எல்லோரும் சேர்ந்து, கதவிடுக்கில் துணியை அடைத்து, திரைகளை மூடி இருங்கள். வெளிச்சத்துக்கு மெழுகுவர்த்தியைவிட டார்ச். அறை 15 டிகிரியைத் தொட்டால் அம்மாவையும் குழந்தையையும் சூடான வேறு இடத்துக்கு மாற்றிவிட வேண்டும். எங்கே என்பதை இப்போதே முடிவு செய்து வையுங்கள்.

குழாய்கள். உறையும்போது தண்ணீர் சுமார் 9 சதவீதம் விரியும், ஐஸுக்கும் மூடிய குழாய்க்கும் நடுவில் சிக்கிய நீரின் அழுத்தத்தால் குழாய் வெடிக்கும். கடுங்குளிர் இரவில் வெளிச்சுவரை ஒட்டிய குழாயை மெல்லிய நூலாக ஒழுக விடுங்கள், சிங்க் அடியில் உள்ள அலமாரியைத் திறந்து வையுங்கள். ஊருக்குப் போனாலும் ஹீட்டரை முழுவதும் அணைக்காதீர்கள். உறைந்துவிட்டால் ஹேர் டிரையரால் உருக்கலாம், நெருப்பைக் காட்டக் கூடாது. குடிபுகுந்த அன்றே தண்ணீரின் மெயின் வால்வு எங்கே இருக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

அப்புறம், குளிரில் தாகமும் சரியாகத் தெரியாது. ஆனால் சிறுநீர் அதிகம் போகும், ஹீட்டர் காற்று தோலையும் தொண்டையையும் உலர்த்தும். தாகத்துக்குக் காத்திராமல் நேரம் பார்த்துத் தண்ணீர் குடிக்கப் பழக்குங்கள், அம்மாவுக்கு முக்கியமாக. வெயிலடிக்கும் நாளில் புதுப்பனி புற ஊதாக் கதிரில் 80 சதவீதம் வரை திருப்பி அடிக்கும். கறுப்புக் கண்ணாடி இல்லாமல் நாள் முழுக்கப் பனியில் நின்றால் கண் அப்போது ஒன்றும் சொல்லாது, சாயங்காலம்தான் மணலை அள்ளிப் போட்டதுபோல் உறுத்தி நீர் கொட்டும். குழந்தைக்கு வண்டியின் மறைப்பை இறக்கிவிட்டாலே போதும்.